கேள்வி பதில்: நொடியில் மறையும் வாயுவை எப்படி அளந்தார்கள்?

போன இதழில் இரத்த அழுத்தம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, இரத்தக் குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் தானே தயாரித்து, குழாயை இறுகவிடாமல் தளர்த்தி வைக்கிறது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. வாயு என்கிறீர்கள், நொடியில் மறைந்துவிடும் என்கிறீர்கள், அப்படியானால் அதை அளந்தது யார், எப்படி? ஆகவே இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: நைட்ரிக் ஆக்சைடு வாகனப் புகையில் இருக்கும் நச்சு வாயு என்று சுற்றுச்சூழல் பாடத்தில் படித்தோம். அது உடம்பில் இருக்கிறது என்கிறீர்களே, வேறு எதனுடனாவது குழப்பிக்கொண்டீர்களா?
(கல்லூரி மாணவர், ஓசூர்)

பதில்: குழப்பம் இல்லை, அதே வாயுதான். ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு. பல் மருத்துவர்கள் மயக்கத்துக்குக் கொடுக்கும் சிரிப்பு வாயு வேறு, புகைமூட்டத்துக்குப் பழுப்பு நிறம் தரும் நைட்ரஜன் டை ஆக்சைடு வேறு. உடம்பு தயாரிப்பது மிகச் சிறிய அளவு. தயாரான இடத்திலேயே வேலையை முடித்துவிட்டுக் காணாமல் போகிறது. குழாயின் உள்சுவரிலிருந்து ஏதோ ஒரு சமிக்ஞை வந்து குழாயைத் தளர்த்துகிறது என்று 1980இல் அமெரிக்காவின் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். அது நைட்ரிக் ஆக்சைடுதான் என்று 1987இல் இங்கிலாந்தில் சல்வடோர் மொன்காடா குழுவும் அமெரிக்காவில் லூயி இக்னாரோ குழுவும் சொன்னார்கள். 1998இல் மருத்துவ நோபல் ஃபர்ச்காட், இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் போனது. மொன்காடாவை விட்டுவிட்டார்களே என்று அப்போதே நிறைய பேர் முணுமுணுத்தார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஏன் என்று கீழே வரும்.

கேள்வி: சில நொடிகளே நிற்கும் வாயு என்றால் ஊசி குத்தி இரத்தம் எடுப்பதற்குள் போய்விடுமே. அப்புறம் எதைத்தான் அளக்கிறார்கள்?
(ஆய்வகத் தொழில்நுட்பர், தஞ்சாவூர்)

பதில்: லேபில் வேலை பார்ப்பவர் கேட்கவேண்டிய கேள்வி. இரத்தத்துக்குள் வந்துவிட்டால் அதற்குச் சில நொடிகூடக் கிடைப்பதில்லை. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் அதைப் பிடித்து, நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் நைட்ரேட்டாக மாற்றிவிடுகிறது. இரத்தத்துக்கு வெளியே கொஞ்சம் தாக்குப்பிடித்து நைட்ரைட்டாக மாறும். அந்த நைட்ரைட்டும் பெரும்பாலும் கடைசியில் நைட்ரேட்டாகத்தான் முடிகிறது. நைட்ரேட் நிதானமான ஆசாமி. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும், பிறகு பெரும்பகுதி சிறுநீரில் இறங்கும். ஆகவே மொத்த உடம்புக் கணக்கு என்று வரும்போது யாரும் வாயுவைத் துரத்துவதில்லை. அது விட்டுப்போன நைட்ரேட்டைத்தான் எண்ணுகிறார்கள்.

எண்ணுவது கஷ்டமில்லை. 1879இல் பீட்டர் கிரீஸ் கண்டுபிடித்த, நைட்ரைட் பட்டால் இளஞ்சிவப்பாக மாறும் சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நைட்ரேட்டை முதலில் காட்மியம் என்ற உலோகத்தின் மேல் ஓடவிட்டு நைட்ரைட்டாக்கி, நிறத்தைப் படித்தால் கையில் ஒரு எண் கிடைத்துவிடும். அந்த எண்ணை நம்பலாமா என்பதில்தான் சிக்கல்.

ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் ஓய்வில் இருக்கும்போது ஒரு நாளைக்கு உண்டாக்கும் நைட்ரிக் ஆக்சைடு ஏறக்குறைய ஒரு மில்லிமோல். முறைக்கு முறை இது கொஞ்சம் ஏறும் இறங்கும். வாயுவாகச் சேர்த்து வைக்க முடிந்தால் ஐந்து தேக்கரண்டி கொள்ளும் இடம் போதும், அவ்வளவுதான். அதெல்லாம் நைட்ரேட்டாக மாறினால் 62 மில்லிகிராம். இப்போது சாப்பாட்டுப் பக்கம் பாருங்கள். கீரைகளில் கிலோவுக்கு 1,000, 2,000 மில்லிகிராம் நைட்ரேட் இருப்பது சாதாரணம். நூறு கிராம் கீரைக் கூட்டு சாப்பிட்டாலே உடம்பு நாள் முழுக்கத் தயாரிப்பதைவிட அதிகமாக உள்ளே போய்விடும். பீட்ரூட், முள்ளங்கியும் லேசுப்பட்டவை இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய வரம்பு. உரம் இறங்கிய கிணற்றுத் தண்ணீர் அந்த வரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், இரண்டு லிட்டர் குடித்ததிலேயே 90 மில்லிகிராம். சிறுநீரில் நைட்ரேட் எகிறியிருக்கிறது, இவருக்கு நைட்ரிக் ஆக்சைடு நன்றாகச் சுரக்கிறது என்று எழுதினால், நீங்கள் உண்மையில் அளந்தது அவருடைய நேற்றைய மதியச் சாப்பாட்டை.

இதனால்தான் ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை மாறிய அணு, தேவைப்பட்டது.

கேள்வி: ஐசோடோப்பு என்றாலே கதிர்வீச்சுதானே? ஆரோக்கியமான ஆட்களுக்கு அதைச் செலுத்திச் சோதிப்பது சரியா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவில்பட்டி)

பதில்: எல்லா ஐசோடோப்பும் கதிர்வீசாது டீச்சர். சாதாரண நைட்ரஜனின் எடை 14. அதில் ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள வகைக்கு எடை 15. இந்த நைட்ரஜன்-15 நிலையானது, சிதையாது, எதையும் வீசாது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த நௌடே என்பவர் 1929இல் கண்டறிந்தது. நாம் இழுக்கும் மூச்சில் ஆயிரம் நைட்ரஜன் அணுவுக்கு மூன்று, நான்கு இந்த வகைதான். அறுபது கிலோ எடையுள்ளவர் உடம்பில் ஒன்றரைக் கிலோ நைட்ரஜன் இருக்கும், அதில் சுமார் ஆறு கிராம் இப்போதே நைட்ரஜன்-15. சோதனையில் ஏற்றுவது அதோடு ஒப்பிட்டால் தூசு. கதிர்வீசும் நைட்ரஜனும் ஒன்று உண்டு, நைட்ரஜன்-13. பத்து நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும், ஒன்றரை நாள் சிறுநீர் சேகரிக்கிற வேலைக்கு அது ஆகவே ஆகாது.

எதற்காக இந்தக் கனமான நைட்ரஜன் என்றால், லஞ்ச ஒழிப்புப் போலீஸார் ரசாயனப் பவுடர் தடவிய நோட்டைக் கொடுத்தனுப்புகிறார்களே, அதே உத்தி. மேஜை டிராயரில் எத்தனை நோட்டு வேண்டுமானாலும் இருக்கட்டும், சம்பளமும் இருக்கலாம், கைமாற்றும் இருக்கலாம். கையைக் கழுவச் சொன்னதும் தண்ணீர் சிவந்தால், அந்த நோட்டு எங்கிருந்து வந்து யார் கைக்குப் போனது என்பதில் சந்தேகமே இல்லை. இங்கே நோட்டு என்பது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். நைட்ரிக் ஆக்சைடு தயாராவது அதிலிருந்துதான்.

உடம்புக்குள் புரதம் எப்படி ஓயாமல் உடைந்து உடைந்து கட்டப்படுகிறது என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷோன்ஹைமர் 1930களின் கடைசியில் கண்டதும் இதே நைட்ரஜன்-15ஐ வைத்துத்தான். பழைய, நம்பகமான கருவி. கைக்குழந்தைகளுக்குக்கூடக் கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: மனித உடம்பு நைட்ரேட்டைத் தயாரிக்கிறது என்று முதலில் சந்தேகப்பட்டது யார்? அந்தக் கதையைச் சொல்லுங்களேன்.
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: சொல்ல எனக்கும் ஆசைதான், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1916இல் அமெரிக்காவின் இல்லினாயில் மிட்செல், ஷோன்லே, கிரிண்ட்லி என்ற மூவர், மனிதர்கள் சாப்பிடும் நைட்ரேட்டைவிடச் சிறுநீரில் வெளியேறும் நைட்ரேட் அதிகமாக இருக்கிறது என்று எழுதினார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. பாலூட்டிகள் நைட்ரேட் தயாரிக்காது, அது மண்ணில் இருக்கும் பாக்டீரியாவின் வேலை என்பதுதான் எல்லோர் மனதிலும். அறுபது வருஷம் அப்படியே கிடந்தது.

1970களில் வேறு ஒரு பயம் வந்தது. நைட்ரைட் வயிற்றில் நைட்ரோசமீன் என்ற புற்றுநோய்ப் பொருளாக மாறுமே, அப்படியானால் நாம் சாப்பிடும் நைட்ரேட் எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்க எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டையில் இருப்பது இல்லை, பாஸ்டன் பக்கம் இருப்பது) ஸ்டீவன் டானன்பாம் குழு இறங்கியது. இளைஞர்களுக்கு நைட்ரேட் மிகக் குறைவான சாப்பாட்டைப் பல வாரங்களுக்குக் கொடுத்து, சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் சேர்த்தார்கள். உள்ளே போனதைப்போல் சராசரியாக நான்கு மடங்கு வெளியே வந்தது. எங்கோ உடம்பில் தேங்கியிருந்த பழைய நைட்ரேட்தான் வடிகிறதோ என்ற சந்தேகத்தை, நைட்ரஜன்-15 போட்ட நைட்ரேட்டைக் கொடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். தேக்கம் எதுவும் இல்லை. உடம்பு புதிதாகத்தான் செய்கிறது. 1981இல் இது வெளியானது.

குடல் பாக்டீரியாதான் செய்கிறது என்று 1978இல் அதே குழு நினைத்திருந்தது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளும் நைட்ரேட் வெளியேற்றுவதைப் பார்த்ததும் அந்த எண்ணம் போயிற்று. பாக்டீரியா இல்லை, சொந்த உயிரணுக்களே.

இந்த இடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் ஒன்று. சோதனைக்கு வந்திருந்தவர்களில் ஒருவருக்கு நடுவில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டது. வழக்கமாக இப்படிப்பட்ட ஆளின் கணக்கை அடித்துவிட்டு மற்றவர்களோடு தொடருவார்கள். இவர்கள் அடிக்காமல் பார்த்தார்கள். அவருடைய சிறுநீர் நைட்ரேட் தாறுமாறாக எகிறியிருந்தது. நோய்க்கும் இதற்கும் ஏதோ தொடர்பு என்று பிடித்துக்கொண்டு, பாக்டீரியாவின் நச்சை எலிகளுக்குச் செலுத்தி, நைட்ரஜன்-15 போட்ட அம்மோனியாவையும் கொடுத்துப் பார்த்தார்கள். கனமான நைட்ரேட் கூடியது. 1985இல் ஸ்டூயரும் மார்லெட்டாவும் இதைச் செய்வது மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் என்று கண்டார்கள். 1987இல் அமெரிக்காவின் யூட்டாவில் ஹிப்ஸ் குழு, அதற்கு ஆர்ஜினின் கட்டாயம் தேவை என்றது. இந்தப் பக்கம் இவர்கள் நைட்ரேட் நைட்ரேட் என்று அலைந்துகொண்டிருக்க, அந்தப் பக்கம் இரத்தக் குழாய்க்காரர்கள் தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே ஆற்றின் இரு கரையில் நின்றது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. 1988இல் மொன்காடா குழுவின் பால்மரும் ஆஷ்டனும், பன்றியின் இரத்தக் குழாய் உயிரணுக்களுக்கு நைட்ரஜன்-15 போட்ட ஆர்ஜினினைக் கொடுத்து, வெளியே வந்த நைட்ரிக் ஆக்சைடிலேயே அந்தக் கனமான நைட்ரஜனைக் காட்டினார்கள். நோபல் பட்டியலில் மொன்காடா பெயர் இல்லையே என்று எனக்கு உறுத்துவது இதனால்தான். மறுவருஷம், 1989இல், மனிதர்களிடமும் ஆர்ஜினினிலிருந்தே நைட்ரேட் வருகிறது என்று டானன்பாம் குழு காட்டியது.

கேள்வி: சோதனை நாளில் என்னதான் நடக்கும்? கொஞ்சம் விவரமாக எழுதுங்கள், பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.
(முதுகலை வேதியியல் மாணவி, திருச்சி)

பதில்: சரி, உத்தரவு. முதலில் சாப்பாடு. ஓரிரு நாள் முன்பிருந்தே கீரை, பீட்ரூட், முள்ளங்கி, பதப்படுத்திய இறைச்சி எல்லாம் கிடையாது. நைட்ரேட் இல்லாத தண்ணீர். குறியிட்ட, அதாவது நைட்ரஜன்-15 உள்ள நைட்ரேட்டைச் சாப்பாட்டு நைட்ரேட் மூழ்கடிக்காமல் இருக்க இது. ஊசிக்கு முன்பே ஒரு முறை இரத்தமும் சிறுநீரும் எடுத்து வைப்பார்கள். அந்த முதல் மாதிரியை மறந்தால் மொத்தமும் வீண், காரணம் பின்னால்.

அடுத்து ஆர்ஜினின். அதன் வால் பக்கம் குவானிடினோ என்ற முனையில் ஒரே மாதிரியான இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடைச் செய்யும் நொதி இரண்டில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளும், எது என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டையுமே கனமாக்கிய ஆர்ஜினினைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று நைட்ரிக் ஆக்சைடாகப் போகும், மற்றது மிஞ்சும் சிட்ருலின் என்ற அமினோ அமிலத்தில் தங்கும். ஸ்காட்லாந்தின் அபர்டீன் குழு செய்தது போலச் சில நிமிடங்களில் மொத்தமாக நரம்பில் ஏற்றிவிட்டு, 36 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்கலாம்; பாஸ்டனில் காஸ்டில்லோவும் வெர்னான் யங்கும் செய்தது போல மெதுவாகத் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே இரத்த மாதிரிகளை எடுக்கலாம். சிறுநீர்க் கேனில் கிருமி வளராமல் இருக்க மருந்து கலக்க வேண்டும், இல்லாவிட்டால் நைட்ரேட்டைக் கிருமி தின்றுவிடும்.

இப்போது உங்கள் பாடம் வருகிறது. அந்தச் சிறுநீரைக் கந்தக அமிலம், பென்சீனோடு சேர்த்தால் நைட்ரேட் போய் பென்சீனில் ஒட்டி நைட்ரோபென்சீன் ஆகும். முதலாமாண்டு ஆய்வகத்தில் வாதுமை வாசனை வந்திருக்குமே, அதுதான். டானன்பாம் குழு பயன்படுத்தியது இந்த முறை. அதை கேஸ் குரோமட்டோகிராஃப் (கலவையைப் பிரிக்கும் கருவி) வழியே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு (மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) அனுப்பினால், சாதாரண நைட்ரஜன் உள்ளது எடை 123இல் விழும், கனமானது 124இல். இரண்டின் விகிதம்தான் நமக்கு வேண்டும். ஆனால் பென்சீனில் ஆறு கார்பன் இருக்கிறது, கார்பனிலும் நூற்றுக்கு ஒன்று இயற்கையாகவே 13 எடையுள்ளது. ஆக, எந்தக் குறியும் போடாத ஆளின் சிறுநீரிலிருந்து செய்த நைட்ரோபென்சீனிலும் நூற்றுக்கு ஆறு, ஏழு 124இல் போய் உட்கார்ந்திருக்கும். நாம் தேடுவதோ அதைவிடச் சின்ன மாற்றம். முதல் மாதிரியை எடுத்து வைத்தது இதைக் கழிப்பதற்குத்தான். இப்போது வேறு வினைப்பொருள்களைப் பயன்படுத்தும் முறைகளும் வந்துவிட்டன. கழித்தல் மட்டும் எல்லாவற்றிலும் உண்டு.

கணக்கில் இன்னும் இரண்டு ஓட்டை. நைட்ரேட் முழுவதும் சிறுநீரில் வருவதில்லை. குறியிட்ட நைட்ரேட்டையே வாய்வழி கொடுத்துப் பார்த்தபோது இரண்டு நாளில் சுமார் 60 சதவீதம்தான் நைட்ரேட்டாகத் திரும்பியது, ஒரு சிறு பங்கு யூரியாவாகவும் அம்மோனியாவாகவும் மாறியிருந்தது. இதற்குத் திருத்தம் போட வேண்டும். இரண்டாவது ஓட்டை பெரியது. இரத்தத்தில் ஓடும் ஆர்ஜினினில் எத்தனை பங்கு கனமானது என்று நமக்குத் தெரியும். நொதி இருப்பதோ உயிரணுவுக்குள்; அங்கே சிட்ருலினிலிருந்து ஆர்ஜினினை மறுபடி மறுபடி செய்துகொண்டே இருக்கிறது, அது குறியில்லாதது. அதனால் உள்ளே உள்ள விகிதம் வெளியே உள்ளதைவிடக் குறைவாக இருக்கலாம், நாம் போடும் கணக்கு உண்மையைவிடக் குறைத்துக் காட்டலாம். இந்த ஆய்வுக் கட்டுரை எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதைத்தான்.

பாஸ்டன் குழு 1996இல் நைட்ரேட்டை நம்பாமல் சிட்ருலினை எண்ணியதற்கும் காரணம் உண்டு. ஆர்ஜினினை உடைக்கும் இன்னொரு நொதியான ஆர்ஜினேஸ், கனமான இரண்டு நைட்ரஜனையும் சேர்த்தே யூரியாவாக வெளியே தள்ளிவிடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் சிட்ருலின் கிடைத்தால் அது நைட்ரிக் ஆக்சைடு செய்த வழியில் வந்ததுதான். சாப்பாட்டுக் கீரை இதில் தலையிட முடியாது.

கேள்வி: நைட்ரிக் ஆக்சைடில் ஆக்சிஜனும் இருக்கிறதே. அதில் குறி போட முடியாதா?
(பிளஸ் டூ மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: சபாஷ் தம்பி. போட்டிருக்கிறார்கள். நைட்ரிக் ஆக்சைடின் ஆக்சிஜன், மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனிலிருந்தே வருகிறது. ஸ்வீடனில் சாகினிஸ், யுங்கர்ஸ்டென், வென்மால்ம் ஆகியோர், எடை 18 உள்ள ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்து இரத்தத்தில் கனமான நைட்ரேட்டைத் தேடும் முறையை 1999இல் வெளியிட்டார்கள். உயிரணுவுக்குள் எந்த ஆர்ஜினின் இருக்கிறது என்ற தலைவலியே இதில் இல்லை. ஆக்சிஜன் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போகும், சாப்பாட்டு நைட்ரேட்டில் இந்தக் குறி வரவும் வராது. என்னைக் கேட்டால் அழகான முறை இதுதான். அந்த வாயுவின் விலையைப் பார்த்தால் மட்டும் மூச்சு நின்றுவிடும்.

கேள்வி: எனக்குப் பத்து வருஷமாக இரத்தக் கொதிப்பு. என்னைப் போன்றவர்களுக்கு இந்த வாயு குறைவாகச் சுரக்கிறதா?
(வணிகர், விருதுநகர்)

பதில்: அபர்டீன் குழு 1997இல் லான்செட் இதழில் எழுதியது இதைத்தான். குறியிட்ட ஆர்ஜினினைக் கொடுத்து 36 மணி நேரம் பார்த்ததில், காரணம் தெரியாத உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் சிறுநீரில் கனமான நைட்ரேட் தெளிவாகக் குறைந்திருந்தது. மறுவருஷம் இதே முறையில் ஆரோக்கியமான பெண்களிடம் ஆண்களைவிட அதிகம் என்றும் வந்தது. குறைவாகச் சுரந்ததால் கொதிப்பு வந்ததா, கொதிப்பு குழாய்ச் சுவரைக் கெடுத்ததால் சுரப்பு குறைந்ததா என்பதை இப்படி ஒரு அளவு சொல்லாது. மொத்த உடம்புக்கும் சேர்த்து ஒரே எண் என்பதால், எந்தக் குழாயில் குறைந்தது என்றும் தெரியாது. நீங்கள் சாப்பிடும் மாத்திரையை இதை வைத்து மாற்ற ஒன்றும் இல்லை.

கேள்வி: கர்ப்பமாக இருக்கும் என் மருமகளுக்கு ஆர்ஜினின் பவுடர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பேரன் ஜிம்முக்குப் போகிறான், அவனும் அதையே வாங்கி வைத்திருக்கிறான். இதைக் குடித்தால் அந்த வாயு கூடுமா?
(பாட்டி, சேலம்)

பதில்: அம்மா, மருமகளுக்கு எழுதியது மருத்துவர், அவருக்குக் காரணம் இருக்கும், நிறுத்துவது, தொடர்வது எல்லாம் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பேரன் விஷயத்தில் கொஞ்சம் பேசலாம். இரத்தத்தில் ஓடும் ஆர்ஜினினில் நூற்றுக்கு ஒன்று அளவுதான் நைட்ரிக் ஆக்சைடு செய்யப் போகிறது என்று இந்த ஐசோடோப்பு ஆய்வுகள் காட்டின. மீதி புரதத்துக்கும் யூரியாவுக்கும் போகிறது. அந்த நொதிக்கு வேண்டிய ஆர்ஜினின் ஏற்கெனவே தேவைக்குப் பல மடங்கு இரத்தத்தில் இருக்கிறது, மேலே மேலே ஊற்றினால் கூடுதலாக ஓட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அப்படியிருந்தும் சிலருக்குக் குழாய் தளர்வது அளவுகளில் தெரிகிறது. ஆர்ஜினின் முரண்பாடு என்றே அதற்குப் பெயர் வைத்துப் பல வருஷமாக விவாதிக்கிறார்கள். வாய்வழி சாப்பிடுவதில் நல்ல பங்கை குடலும் கல்லீரலும் உடைத்துவிடும் என்பது வேறு.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். வீட்டில் மாரடைப்பு வந்தவர் யாராவது இருந்தால் பேரனின் டப்பாவைத் தொடவேண்டாம் என்று சொல்லுங்கள். மாரடைப்புக்குப் பின் ஆர்ஜினின் கொடுத்துப் பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஆர்ஜினின் சாப்பிட்ட பிரிவில் ஆறு பேர் இறந்தார்கள், மற்ற பிரிவில் யாரும் இல்லை. ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டு 2006இல் முடிவை வெளியிட்டார்கள்.

கேள்வி: நாக்கில் வைத்தால் நிறம் மாறி நைட்ரிக் ஆக்சைடு அளவைக் காட்டும் பட்டைகள் இணையத்தில் விற்கிறார்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எதற்கு, இது போதாதா?
(மென்பொருள் பணியாளர், சிங்கப்பூர்)

பதில்: அந்தப் பட்டை காட்டுவது எச்சிலில் உள்ள நைட்ரைட்டை. அது எப்படி வந்தது தெரியுமா? இரத்தத்தில் உள்ள நைட்ரேட்டில் கால்வாசியை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து வாய்க்குள் விடுகின்றன. நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்குகின்றன. விழுங்கினால் வயிற்று அமிலத்தில் அது நைட்ரிக் ஆக்சைடாகிறது. ஆர்ஜினினும் வேண்டாம், நொதியும் வேண்டாம். 1994இல் இதைக் கண்டவர்களில் அபர்டீனின் பெஞ்சமினும் ஸ்வீடனின் லுண்ட்பெரியும் உண்டு. பீட்ரூட் சாறு குடித்தால் இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குவது இந்தச் சுற்றுவழியால்தான். கிருமிநாசினி மவுத்வாஷ் ஊற்றிக் கொப்பளித்தால் பாக்டீரியா சாகும், நைட்ரைட்டும் ஏறாது.

ஆகவே மத்தியானம் கீரை சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் பட்டையை வைத்தால் அடர் சிவப்பு. காலையில் மவுத்வாஷ் போட்டவுடன் வைத்தால் வெளுப்பு. உங்கள் இரத்தக் குழாய்ச் சுவர் இரண்டு நேரத்திலும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கும். கீரை சாப்பிட்டோமா என்று தெரிந்துகொள்ளப் பணம் கொடுத்துப் பட்டை வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: என் யூரின் ரிப்போர்ட்டில் 'நைட்ரைட் பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: வேண்டாம்மா, அது சிறுநீர்த் தொற்றுக்கான குறி. ஈ.கோலை போன்ற பாக்டீரியா சிறுநீர்ப் பையில் உட்கார்ந்து அங்குள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கியிருக்கலாம். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கடைசியாக, காசு கொடுத்தால் நம் ஊர் லேபில் இந்த ஐசோடோப்பு சோதனையைச் செய்துகொள்ள முடியுமா?
(பொறியாளர், சென்னை)

பதில்: முடியாது. இது ஆய்வுக்கூட வேலை. குறியிட்ட ஆர்ஜினின், நரம்பில் ஏற்றுவதற்கான நெறிமுறை அனுமதி, ஒன்றரை நாள் கட்டுப்பாட்டுச் சாப்பாடு, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எல்லாம் சேர்ந்து வர வேண்டும், வந்தாலும் கிடைக்கும் எண்ணை வைத்து உங்களுக்கு யாரும் மருந்து எழுதப்போவதில்லை. குழுவாக ஆட்களை ஒப்பிடத்தான் அது. ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்க நெஞ்சக நோய் மருத்துவமனைகளில் ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்சைடை அளக்கிறார்கள், அதைச் செய்துகொள்ளலாம். அங்கே வாயுவையே நேராக, நூறு கோடியில் எத்தனை பங்கு என்று படிக்கிறார்கள்; பெரியவர்களுக்கு 25க்குக் கீழே என்றால் குறைவு, 50ஐத் தாண்டினால் அதிகம். ஆனால் அது மூச்சுக்குழாய்ச் சுவரின் அழற்சியைச் சொல்லும் எண், இரத்தக் குழாயைப் பற்றி அதனிடம் கேட்காதீர்கள்.